கிண்டர்கார்டன் தயார்நிலை: ஒரு அமெரிக்க மாநிலம் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும்? முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு மாநில அலுவலகத்திலோ, கவுன்ட்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) அளவிலான குழந்தைப் பருவக் கல்விக் குழுவிலோ, பெற்றோர் பிரதிநிதியாகவோ முதல்முறை உட்காரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிறப்பு முதல் ஐந்து வயது வரையிலான சேவைகளைச் சீராக்கும் வேலையில் சில சுற்றுகள் முழுதாகப் போய் வந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு அக்கறைக்கும் உழைப்புக்கும் குறையே இருப்பதில்லை. அவர்கள் தடுக்கி விழுவது வேலையின் வரிசையில்தான்.

கிண்டர்கார்டன் என்பது அமெரிக்காவில் ஐந்து வயதில் சேரும் பள்ளியின் முதல் வகுப்பு. அதன் தொடக்கத்தில் எடுக்கும் மதிப்பீட்டின் முடிவு வெளியாகிறது. இத்தனை பிள்ளைகள் தயாராக இல்லை என்று ஒரு எண். உடனே எல்லோரும் அந்த எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள்: வேறு மதிப்பீடு வாங்கலாம், புதுப் பாடத்திட்டம் வாங்கலாம், டே-கேர்களின் தரத்துக்கு நட்சத்திரம் போடலாம். ஆனால் அந்த எண்ணை உண்டாக்கியவை அதற்கு முந்தைய ஐந்து வருடங்கள். அந்த ஐந்து வருடங்களில் பிள்ளை எங்கே இருந்தது, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரியாமல் எதை வாங்கினாலும் பணம்தான் போகும்.

## 1. முதல் கூட்டத்துக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். ஒவ்வொரு மாநிலமும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மத்திய அரசுக்குக் கொடுக்கும் குழந்தைப் பராமரிப்பு நிதித் திட்டம், அதாவது சிசிடிஎஃப் திட்டம், பொதுவில் கிடைக்கும். டே-கேர் மானியம் யாருக்கு, எவ்வளவு, ஆய்வு எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஹெட் ஸ்டார்ட் என்பது ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்கான மத்திய அரசுத் திட்டம். உங்கள் பகுதியில் அதை நடத்தும் அமைப்புகள் சமூகத் தேவை மதிப்பீடு ஒன்றைக் கட்டாயம் செய்து வைத்திருப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். மாநிலத்தின் ஆரம்பக் கற்றல் தரநிலைகள், சிறப்புக் கல்வித் துறையின் ஆண்டறிக்கை ஆகிய இரண்டும் வேண்டும். இவற்றைப் படிக்காமல் போனால், ஏற்கெனவே எழுதி முடித்த ஒன்றை மறுபடி எழுத ஆறு மாதம் போகும்.

அடுத்தது ஆட்கள். டே-கேர் உரிமம் வழங்கும் பிரிவில் ஒருவர், வீட்டிலேயே டே-கேர் நடத்தும் ஒருவர், கிண்டர்கார்டன் ஆசிரியர் ஒருவர், மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உள்ள பெற்றோர் ஒருவர். இந்த நால்வரில் ஒருவர் இல்லாவிட்டாலும் கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வீட்டில் டே-கேர் நடத்துகிறவர் பகலில் வர முடியாது, பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே வருவார்? அவருக்காகக் கூட்டத்தை மாலையில் வையுங்கள்.

கடைசியாகக் காலண்டர். 46 மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. மத்திய அரசின் நிதியாண்டு அக்டோபர் 1. பள்ளிகள் ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கின்றன. இந்த மூன்றையும் ஒரே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கவர்னரின் பட்ஜெட் முன்மொழிவு முந்தைய குளிர்காலத்திலேயே முடிவாகிவிடும். ஏப்ரல் மாதம் அருமையான திட்டத்தோடு போய் நிற்கும் குழு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இரண்டு வருட பட்ஜெட் போடும் மாநிலமாக இருந்தால் இரண்டு வருடம்.

## 2. பணம் எந்த வழியாக வருகிறது என்று வரைந்து பாருங்கள்

ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பள்ளி வளாகத்தில் மாநில ப்ரீ-கே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு. மதியத்துக்கு மேல் மானியத்தில் டே-கேர். செவ்வாய்க்கிழமை மட்டும் பேச்சுப் பயிற்சி. அந்த ஒரு பிள்ளைக்கு மூன்று விண்ணப்பம், மூன்று விதமான தகுதி விதி, மூன்று கோப்பு.

இதற்குக் காரணம் பணத்தின் பாதை. ஹெட் ஸ்டார்ட் நிதி மத்திய அரசிடமிருந்து நேராக உள்ளூர் அமைப்புக்குப் போகிறது. மாநிலத்தின் கைக்கு வருவதே இல்லை. டே-கேர் மானியம் மாநிலத்தின் சமூக நலத்துறை வழியாக வருவது வழக்கம். ப்ரீ-கே பெரும்பாலும் கல்வித்துறை. ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஐடிஇஏ சட்டத்தில் மூன்று வயதுவரை ஒரு பகுதி, மூன்றிலிருந்து ஐந்துவரை வேறு பகுதி. முதலாவதைப் பல மாநிலங்களில் சுகாதாரத்துறை நடத்துகிறது, இரண்டாவது கல்வித்துறையில் இருக்கிறது.

இதை வரைந்தவுடன் புதியவர்கள் சொல்வது: "எல்லாவற்றையும் ஒரே துறையாக்கிவிடலாமே." ஆக்கலாம். மாசசூசெட்ஸ் 2005-லும், கொலராடோ 2022-லும், மின்னசோட்டா 2024-லும் தனித்துறைகளைத் தொடங்கின. நியூ மெக்சிகோ 2019-ல் அதற்கான சட்டம் கொண்டுவந்தது. எனக்கும் அதில் விருப்பம்தான். ஆனால் துறை மாற்றம் சட்டமன்றம், பணியாளர் விதிகள், கணினி அமைப்பு என்று வருடக்கணக்கில் இழுக்கும். அதுவரை மற்ற வேலைகளை நிறுத்தி வைப்பதுதான் தவறு. முதல் வருடத்தில் இரண்டு துறைகளின் விண்ணப்பப் படிவங்களை ஒன்றாக்கினால் போதும். குடும்பங்களுக்கு அதுதான் முதலில் தெரியும்.

## 3. குழந்தைகளை எண்ணுங்கள், இடங்களை அல்ல

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். இது தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறும்.

வழக்கமாக நடப்பது இது. ஹெட் ஸ்டார்ட்டில் இத்தனை, ப்ரீ-கேயில் இத்தனை, மானியத்தில் இத்தனை என்று கூட்டிப் போடுவார்கள். கூட்டினால் அந்தக் கவுன்ட்டியில் உள்ள நான்கு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடம் கிடைத்துவிட்ட மாதிரி தெரியும். மேலே சொன்ன பிள்ளை அந்தக் கூட்டலில் இரண்டு முறை வந்திருக்கும். வெயிட்டிங் லிஸ்ட்டில் நிற்கும் பிள்ளை ஒருமுறைகூட வந்திருக்காது.

முதலில் மொத்தக் குழந்தைகள் எத்தனை என்று எடுங்கள். பிறப்புப் பதிவுகளிலிருந்து ஜிப் கோடு (அஞ்சல் குறியீடு) வாரியாக எடுப்பது நல்ல தொடக்கம். ஆனால் குடும்பங்கள் இடம் மாறும். நான்கு வருடம் முன்பு ஒரு நகரத்தில் பிறந்தவர்கள் இன்று பக்கத்துக் கவுன்ட்டியில் இருக்கலாம். அதனால் கிண்டர்கார்டன் சேர்க்கை எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

அப்புறம் பட்டியல்களைப் பொருத்துவது. ஒரு முறை இரண்டு துறைகளின் பட்டியல்களை அருகருகே திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றில் பிள்ளைக்கு அப்பாவின் குடும்பப்பெயர் மட்டும் இருந்தது. மற்றொன்றில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் வழக்கப்படி அப்பா, அம்மா இருவரின் குடும்பப்பெயரும், நடுவில் ஒரு சிறு கோட்டோடு இருந்தது. பிறந்த தேதி ஒன்று, முகவரி ஒன்று. கணினி அதை இரண்டு பிள்ளைகள் என்று எண்ணியிருந்தது. பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால் இப்படித்தான் ஆகும், அதுவும் ஆங்கிலப் பெயர் அல்லாத குடும்பங்களுக்குத்தான் அதிகம் ஆகும். பிறந்த தேதி, அம்மாவின் பெயர், முகவரி ஆகியவற்றையும் சேர்த்துப் பொருத்துங்கள். சந்தேகமானவற்றை ஒரு மனிதர் கண்ணால் பார்க்கட்டும்.

தகவல் பகிர்வு ஒப்பந்தத்தை இந்தப் படிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். கல்விப் பதிவுகளைக் காக்கும் ஃபெர்பா சட்டம், சுகாதாரத் தகவலுக்கான தனி விதிகள் என்று இரண்டு துறை வழக்கறிஞர்களும் மாறி மாறித் திருத்துவார்கள். மொத்த வேலையிலும் அதிகக் காலம் பிடிப்பது இதுதான்.

இன்னொரு குழி: உரிமத்தில் உள்ள எண்ணிக்கை. ஒரு டே-கேருக்கு 60 பிள்ளைகள்வரை உரிமம் இருக்கும். ஆசிரியர்கள் கிடைக்காததால் இரண்டு அறைகளைப் பூட்டி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பது 38 பிள்ளைகள். உரிம எண்ணிக்கை, நடத்துகிறவர் சேர்க்க விரும்பும் எண்ணிக்கை, இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை என மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் உங்கள் பிரச்சினை கட்டடம் இல்லை, ஆட்கள். அப்படிப்பட்ட இடத்தில் புதுக் கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

## 4. 'தயார்' என்ற சொல்லுக்குப் பொருள் எழுதி ஒப்புக்கொள்ளுங்கள்

எழுத்து தெரியும், இருபதுவரை எண்ணத் தெரியும் என்பதையே தயார்நிலை என்று பலர் நினைக்கிறார்கள். 1990-களில் தேசியக் கல்வி இலக்குகள் குழு இதை ஐந்து பக்கமாகப் பிரித்தது: உடல்நலமும் உடலியக்கமும், சமூக-உணர்வு வளர்ச்சி, கற்றலை அணுகும் விதம், மொழி, அறிவும் பொது விஷயங்களும். இன்று மாநிலங்கள் வைத்திருக்கும் வரையறைகள் பலவும் இதன் கிளைகள்தான்.

உங்கள் குழுவில் உள்ள கிண்டர்கார்டன் ஆசிரியரிடம், ஆகஸ்ட் மாதம் முதல் வாரத்தில் எது அவருடைய நேரத்தை அதிகம் எடுக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் எழுத்தைப் பற்றிய பதில் முதலில் வந்ததில்லை. உதவி வேண்டும் என்று வாய் திறந்து கேட்பது, தன் முறை வரும்வரை காத்திருப்பது, ஜிப்பைத் தானே போடுவது, 'பையை வை, பிறகு வந்து உட்கார்' போல இரண்டு படியுள்ள ஒரு வேலையைச் சொன்னால் கேட்டுச் செய்வது. இவற்றை வரையறைக்குள் எழுத்தில் கொண்டு வாருங்கள். எழுத்தில் இல்லாதது மதிப்பீட்டில் வராது. மதிப்பீட்டில் வராததற்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாநிலம் வைத்திருக்கும் தேதிக்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளையை 'இன்னும் தயாராகவில்லை' என்று சொல்லி வாசலிலிருந்து திருப்பி அனுப்ப இந்த வரையறை பயன்படக் கூடாது. அப்படித் திருப்பி அனுப்பினால், பள்ளி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் ஒரு வருடம் பள்ளி இல்லாமல் வீட்டில் இருக்கும். இதை வரையறையின் முதல் வரியாகவே எழுதி வையுங்கள்.

## 5. மதிப்பீட்டைத் தேர்ந்தெடுப்பது

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி எந்த மதிப்பீடு என்பது இல்லை. முடிவை யார், எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்பதுதான்.

ஆசிரியர் தன் வகுப்பை அறிந்துகொள்ள வேண்டுமா? அப்படியானால் கவனித்துக் குறிக்கும் முறை பொருந்தும். வாஷிங்டன் மாநிலத்தின் வாகிட்ஸ் என்ற கிண்டர்கார்டன் மதிப்பீடு அப்படிப்பட்டது. அதில் ஆறு வளர்ச்சிப் பகுதிகளை ஆசிரியர் கவனித்துக் குறிக்கிறார். அதோடு நிற்காமல் வருடத் தொடக்கத்தில் குடும்பத்தைச் சந்திப்பதும், ப்ரீ-கே ஆசிரியர்களோடு கூடிப் பேசுவதும் அதன் பகுதிகளாகவே இருக்கின்றன. இது எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு, ஏனென்றால் எண்ணைப் பற்றிப் பேச வேண்டியவர்களை எண்ணோடு சேர்த்தே அது கொண்டுவந்து உட்கார வைக்கிறது.

எந்தப் பகுதியில் எந்தத் தேவை அதிகம் என்று மாநிலம் அறிய வேண்டுமா? கனடாவில் உருவான இடிஐ போன்ற கருவி பொருந்தும். கிண்டர்கார்டன் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் கேள்வித்தாளை நிரப்புவார். ஆனால் முடிவு வட்டார அளவில்தான் வெளியாகும், தனிப் பிள்ளைக்கு மதிப்பெண் கிடையாது. ஆஸ்திரேலியா அதன் ஒரு வடிவத்தை 2009 முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை நாடு முழுவதும் எடுக்கிறது.

முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டுமா? வர்ஜீனியா செய்வதுபோல் இலையுதிர் காலத்தில் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை எடுக்க வேண்டும். ஒரே முறை எடுத்துவிட்டு 'வளர்ச்சி' என்று பேச முடியாது.

கருவியை முடிவு செய்தபின் அளவைக் குறையுங்கள். இலினாய் மாநிலம் தன் கிட்ஸ் மதிப்பீட்டில் எல்லாப் பள்ளிகளும் கட்டாயம் குறிக்க வேண்டியது 14 அளவைகள் மட்டும் என்று வைத்தது. காரணம் எளிது. 22 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்கு 40 அம்சம் என்றால் 880 குறிப்புகள். அதுவும் பிள்ளைகள் அழுதுகொண்டு வரும் முதல் வாரங்களில். ஆசிரியர் என்ன செய்வார்? கடைசி நாள் மாலை உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்புவார். அந்த எண்கள் மாநில அறிக்கையில் போய் உட்காரும்.

இந்தப் படியில் அடிக்கடி பார்க்கும் தவறுகள் மூன்று.

வீட்டில் ஸ்பானிஷோ அரபியோ தமிழோ பேசும் பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் கேட்பது முதல் தவறு. "மூன்று பொம்மையை எடுத்துக் கொடு" என்பது எண்ணறிவுக் கேள்வி. ஆங்கிலம் புரியாத பிள்ளைக்கு அது மொழிக் கேள்வியாகிவிடுகிறது. எண்ணறிவு, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது போன்றவற்றை வீட்டு மொழியில் பார்க்க வழி செய்யுங்கள். ஆங்கிலத்தைத் தனியாகப் பாருங்கள்.

இரண்டாவது, முடிவை வைத்து ப்ரீ-கே வகுப்புகளையும் ஆசிரியர்களையும் தரவரிசைப்படுத்துவது. மூன்று வயதில் ஹெட் ஸ்டார்ட், பிறகு பாட்டி வீடு, கடைசி ஐந்து மாதம் ஒரு டே-கேர் என்று வந்த பிள்ளையின் மதிப்பெண் யாருடையது? தரவரிசை வரும் என்று தெரிந்தால் டே-கேர்கள் கடினமான பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்கும். அந்த இழப்பு எந்த அறிக்கையிலும் தெரியாது.

மூன்றாவது, தாமதம். செப்டம்பரில் எடுத்ததை ஆசிரியரிடம் மார்ச்சில் கொடுப்பது. நவம்பர் பெற்றோர் சந்திப்புக்கு முன் அவர் கையில் ஒரு பக்க அறிக்கை இருக்க வேண்டும். அதற்கு வழியில்லாத கருவியை வாங்க வேண்டாம்.

## 6. கிண்டர்கார்டனுக்கு முன்பே கண்டறியும் வலையைச் சரி செய்யுங்கள்

ஐந்து வயதில் பேச்சுத் தாமதம் தெரியவந்தால் நான்கு வருடம் போய்விட்டது என்று பொருள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 9, 18, 30 மாதங்களில் வளர்ச்சிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பற்றிப் பரிந்துரை வந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீடு முடிந்து, குடும்பத்தோடு சேவைத் திட்டக் கூட்டம் நடக்க வேண்டும் என்பது ஐடிஇஏ விதி.

விதி நன்றாக இருக்கிறது. ஓட்டை எங்கே என்றால் பரிந்துரைக்கும் மதிப்பீட்டுக்கும் நடுவில். பரிசோதனை எத்தனை என்று மாநிலம் எண்ணும். அதில் எத்தனை குடும்பம் உண்மையில் மதிப்பீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெரும்பாலும் யாரும் எண்ணுவதில்லை. ஒரு தாய் தன் கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் காட்டினார். மருத்துவமனையில் கொடுத்த தொலைபேசி எண். இரண்டு முறை அழைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் மட்டும் ஒரு பதிவு செய்த குரல், பெயரையும் எண்ணையும் விட்டுச் செல்லச் சொல்லியிருக்கிறது. அவர் பேசாமல் வைத்துவிட்டார். அந்தக் குழந்தையும் பட்டியலில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்றுதான் இருந்தது.

ஆகவே தாளைக் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். சம்மதம் வாங்கிக்கொண்டு, பரிந்துரை செய்கிறவரே குடும்பத்தின் தொலைபேசி எண்ணைச் சேவை அலுவலகத்துக்கு அனுப்பட்டும். சேவை அலுவலகம் குடும்பத்தை அழைக்கட்டும், அவர்கள் மொழியில். மாதா மாதம் பார்க்க வேண்டியது மூன்றே எண்கள்: பரிந்துரை, நடந்த மதிப்பீடு, தொடங்கிய சேவை.

மூன்றாவது பிறந்தநாள் இன்னொரு விரிசல். அன்று பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு மாறுகிறது. குறைந்தது 90 நாட்கள் முன்பே மாறுதல் கூட்டம் நடக்க வேண்டும், பிறந்தநாளுக்குள் புதிய திட்டம் கையில் இருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் மதிப்பீடு செய்ய ஆளில்லாமல் செப்டம்பர்வரை சேவை அறுந்துபோகிறது. கோடைக்கென்று தனி மதிப்பீட்டுக் குழுவை பட்ஜெட்டில் எழுதுங்கள். சிறிய தொகைதான்.

## 7. நட்சத்திரம் போடும் முன் சம்பளம்

பல மாநிலங்களில் டே-கேர்களுக்குத் தர மதிப்பீட்டு முறை இருக்கிறது. 1998-ல் ஓக்லஹோமா முதலில் தொடங்கியது. தரத்தை அளப்பதில் தவறில்லை. ஆனால் வருடத்தில் மூன்று ஆசிரியர் மாறும் அறையில் எந்தத் தரத்தை அளப்பீர்கள்? ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தரம் என்பது காலையில் கையை நீட்டி வாங்கிக்கொள்ளும் அந்த ஒரு முகம்.

வர்ஜீனியாவில் செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த இடங்களில், எட்டு மாதம் வேலையில் நீடித்தால் 1,500 டாலர்வரை ஆசிரியருக்கே தருவதாகச் சொன்னார்கள். டே-கேர் மையங்களில் வேலையை விட்டுப் போகிறவர்களின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. எந்தப் பயிலரங்கும் இதைச் செய்ததாக நான் பார்க்கவில்லை.

இங்கே கணக்கு ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரியாமல் நல்ல எண்ணத்தில் கெடுதல் செய்த இடங்கள் உண்டு. கைக்குழந்தைகளுக்கு நாலுக்கு ஒரு ஆள் என்ற அளவில் வேண்டும். நான்கு வயதுக்குப் பத்துக்கு ஒருவர் போதும். அதனால் ஒரு டே-கேர் தன் கைக்குழந்தை அறையின் நஷ்டத்தை நான்கு வயது அறையின் வருமானத்தில்தான் ஈடுகட்டுகிறது. மாநிலம் இலவச ப்ரீ-கேயைப் பள்ளிக் கட்டடத்துக்குள் மட்டும் தொடங்கினால் நான்கு வயதுப் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்கள். பள்ளிச் சம்பளம் அதிகம் என்பதால் நல்ல ஆசிரியர்களும் போய்விடுவார்கள். டே-கேரின் கைக்குழந்தை அறை மூடும். நான்கு வயதுக்கு இடம் கூடிய அதே வருடம் ஒரு வயதுக்கு இடம் குறையும்.

தீர்வு, ப்ரீ-கே பணத்தைப் பள்ளி, டே-கேர், ஹெட் ஸ்டார்ட் மூன்றுக்கும் ஒப்பந்தத்தில் கொடுப்பது. ஜார்ஜியா லாட்டரி வருமானத்தில் நடத்தும் ப்ரீ-கேயைத் தனியார் மையங்களிலும் நடத்துகிறது. நியூ ஜெர்சியில் 1998 நீதிமன்ற ஆணைக்குப் பின் ஏழை மாவட்டங்களில் தொடங்கிய ப்ரீ-கேயில் வகுப்புக்கு 15 பிள்ளைகள், பட்டமும் சான்றிதழும் உள்ள ஆசிரியர், எந்தக் கட்டடத்தில் வேலை செய்தாலும் பள்ளி ஆசிரியருக்கு ஈடான சம்பளம் என்று வைத்தார்கள். அந்தக் கடைசி விதியை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் நிற்காது.

## 8. வகுப்பறைக்குள்: பாடத்திட்டமும் பயிற்றுநரும்

இப்போதுதான் பாடத்திட்டம். ப்ரீ-கே தொடங்கினாலே பிள்ளைகள் முன்னேறுவார்கள் என்று நம்ப வேண்டாம். டென்னசியில் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ப்ரீ-கே முடிவில் நன்றாக இருந்தவர்கள் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். 2022-ல் அது வெளியானபோது பலரும் அதிர்ந்தோம். மாறாக, பாஸ்டன் பொதுப்பள்ளிகளின் ப்ரீ-கே நல்ல பலன் காட்டியது. அங்கே மொழிக்கும் கணக்கிற்கும் நிரூபிக்கப்பட்ட பாடத்திட்டமும், அதை நடத்த வகுப்பறைக்குள் வந்து உதவும் பயிற்றுநர்களும் சேர்ந்தே இருந்தார்கள்.

ஒரு நாள் பயிலரங்கு வைத்துச் சான்றிதழ் கொடுப்பதோடு முடித்துவிடாதீர்கள். பயிற்றுநர் மாதம் இருமுறை வகுப்பறையில் உட்கார்ந்து பார்த்து, அன்றே ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி ஆசிரியரோடு பேச வேண்டும். அந்த உரையாடலுக்கு ஆசிரியருக்குப் பிள்ளைகள் இல்லாத அரைமணி நேரம் வேண்டும். மாற்று ஆளுக்குப் பணம் ஒதுக்காததால் பயிற்றுநர் திட்டங்கள் சாவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## 9. சேர்க்கையை ஒரே கதவாக்குங்கள்

லூசியானா 2012 சட்டத்துக்குப் பின் பொதுநிதி பெறும் எல்லா இடங்களையும் உள்ளூர் வலையமைப்புகளுக்குள் கொண்டுவந்து, சேர்க்கையையும் ஒருங்கிணைத்தது. உங்களால் அவ்வளவு தூரம் போக முடியாவிட்டாலும், ஒரு விண்ணப்பம், ஒரே முறை வருமானச் சான்று என்பதைச் செய்யுங்கள். மானியத் தகுதி ஒருமுறை கிடைத்தால் குறைந்தது 12 மாதம் நீடிக்க வேண்டும் என்பது மத்திய விதி. ப்ரீ-கே தகுதியையும் அதே தேதியில் முடிவடையும்படி வைத்தால் குடும்பம் இருமுறை அலைய வேண்டாம்.

இணையத்தில் மட்டும் விண்ணப்பம் வைக்காதீர்கள். கைபேசியில் வருமானச் சான்றைப் படம் எடுத்து அனுப்ப முடிகிறதா என்று நீங்களே ஒருமுறை முயன்று பாருங்கள்.

## 10. ப்ரீ-கேயிலிருந்து கிண்டர்கார்டனுக்குப் பாலம்

மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் நடுவே பிள்ளையைப் பற்றித் தெரிந்த எல்லாம் தொலைந்துவிடுகிறது. ப்ரீ-கே ஆசிரியருக்குத் தெரியும், இந்தப் பிள்ளை சத்தம் அதிகமானால் மேசைக்கு அடியில் போய் உட்காரும், ஐந்து நிமிடம் விட்டால் தானே வரும் என்று. கிண்டர்கார்டன் ஆசிரியர் அதை முதல் நாளில் ஒழுங்கின்மை என்று எழுதுவார்.

ஒரு பக்கத் தாள் போதும்: எது பிடிக்கும், எதற்குப் பயப்படும், எப்படிச் சமாதானமாகும், வீட்டில் எந்த மொழி, என்ன சேவை பெறுகிறது. பெற்றோர் கையொப்பத்தோடு ஜூனில் பள்ளிக்குப் போய்ச் சேரட்டும். எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று தெரிய வேண்டுமே, அதனால் கிண்டர்கார்டன் பதிவை வசந்தத்திலேயே முடிக்க வேண்டும். ஆகஸ்டில் கடைசி வாரம் பதிவு செய்யும் பிள்ளைகளுக்கு இந்தத் தாள் வராது, வகுப்பறையும் ஆசிரியரும்கூட அவசரத்தில் கிடைப்பார்கள்.

வருகையையும் பாருங்கள். 180 நாள் பள்ளி வருடத்தில் 18 நாள் வராவிட்டால் பத்து சதவீதம். அதை நாள்பட்ட வருகையின்மை என்கிறார்கள். மாதம் இரண்டு நாள்தான், பெற்றோர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. அக்டோபரிலேயே நான்கு நாள் விடுப்பு எடுத்த பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசி போகட்டும். கண்டிக்க வேண்டாம், பேருந்தா, ஆஸ்துமாவா, அம்மாவின் வேலை நேரமா என்று கேட்க.

## 11. பலனை எந்த வருடம் எதிர்பார்ப்பது

இதைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், சட்டமன்றக் குழுவுக்கும் சொல்லுங்கள். இந்த ஜூலையில் ப்ரீ-கே பணம் வந்தால், அந்தப் பிள்ளைகள் அடுத்த வருட இலையுதிர் காலத்தில்தான் கிண்டர்கார்டன் மதிப்பீட்டில் வருவார்கள். கைக்குழந்தை அறைகளுக்கும், பணியாளர் குடும்பங்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சந்திப்புகளுக்கும் இன்று செய்யும் செலவு அந்த எண்ணில் தெரிய நான்கு ஐந்து வருடம் ஆகும். கவர்னரின் பதவிக்காலம் பெரும்பாலும் நான்கு வருடம். முதல் வருடம் எண் நகரவில்லை என்று சொல்லி நல்ல வேலையை நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன், அதில் வேலை இழந்த பயிற்றுநர்களை எனக்குத் தெரியும்.

அதனால் நடுவில் நகர வேண்டிய எண்களையும் சேர்த்து வையுங்கள். முதல் வருடத்தில் ஆசிரியர் நீடிப்பு, பரிந்துரையிலிருந்து சேவைவரை சேரும் குடும்பங்கள், பூட்டியிருந்து திறந்த அறைகள். இரண்டாம் வருடத்தில் வகுப்பறைக் கவனிப்பு மதிப்பெண். அதன் பிறகுதான் கிண்டர்கார்டன் எண்.

அந்த ஐந்து வருடமும் மதிப்பீட்டுக் கருவியை மாற்ற விடாதீர்கள். நடுவில் யாராவது மேம்பட்ட ஒன்றைக் கொண்டுவருவார்கள், அது உண்மையிலேயே மேம்பட்டதாகவும் இருக்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு வருடம் சில மாவட்டங்களில் இரண்டையும் சேர்த்து எடுங்கள்; பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட வேறு வழி கிடையாது.